பக்க வடிவமைப்பில் விகிதமும் கிரிட்டும்: பொன் விகிதத்தைவிட 60 ஏன் அதிகம் உதவும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சேர்ந்து ஒரு காலாண்டிதழும், அதன் பிறகு ஒரு கட்டுரை நூலும் கொண்டுவரப் போகிறீர்கள். இதழ் ஏ4 (210×297 மி.மீ.), நூல் டெம்மி (ஏறக்குறைய 140×216 மி.மீ.). பக்கத்தைப் பொன் விகிதத்தில், அதாவது 1:1.618 என்ற அளவில், அமைக்கச் சொல்கிறார் ஒருவர். கிரிட் (பக்கத்தை ஒழுங்கான கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகள்) போடாமல் கை வைக்காதே என்கிறார் இன்னொருவர். இதில் எது நிஜமாக உதவும், எது வெறும் பேச்சு, எண்களோடு சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடிப் பதில் முதலில். பொன் விகிதத்தை விட்டுவிடலாம். இதழுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கிரிட் கண்டிப்பாக வேண்டும். அதற்கான எண்கள் மூன்று இடங்களிலிருந்து வரும்: அச்சகத்தில் இருக்கும் தாள், நீங்கள் வைக்கப்போகும் வரி இடைவெளி, 60 போல மிச்சம் வராமல் பல விதமாக வகுபடும் ஓர் எண். இந்த மூன்றும் சரியாக உட்கார்ந்தால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். இனி விரிவாக.

தாளிலிருந்து ஆரம்பிப்போம். பக்கத்தின் நீள அகலத்தைத் தீர்மானிப்பவர் வடிவமைப்பாளர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது தாளை எத்தனை முறை மடிக்கிறோம் என்பதுதான். ஒரு தாளின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணை விகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளை ஒருமுறை பாதியாக மடித்தால் புதிய விகிதம், 2-ஐப் பழைய விகிதத்தால் வகுத்த எண். இன்னொரு முறை மடித்தால் பழைய விகிதமே திரும்பி வந்துவிடும். ஆகவே எந்தத் தாளை எடுத்தாலும் இரண்டே இரண்டு வடிவங்கள்தான் மாறி மாறி வரும். 3:4 தாளை மடித்தால் 2:3, மறுபடி மடித்தால் 3:4. பழைய ஆங்கில அளவுகளில் கிரௌன் 15×20 அங்குலம். அதை மூன்று முறை மடித்தால் 5×7½, அதாவது 2:3. ராயல் 20×25; மூன்று மடிப்பில் 6¼×10, அதாவது 5:8. பொன் விகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த 5:8-ஐ யாரும் தேடிப்போய் எடுக்கவில்லை. 4:5 தாளை மடித்தார்கள், வந்தது.

மடித்தாலும் வடிவம் மாறாத விகிதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: √2, அதாவது 1.414. 1786இல் லிஷ்டன்பெர்க் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். 1922இல் வால்டர் போர்ஸ்ட்மன் இதை வைத்துத்தான் ஜெர்மன் தரநிலையை உருவாக்கினார். ஏ0 ஒரு சதுர மீட்டர், 841×1189 மி.மீ.; அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. அழகியலுக்காக வந்த அளவு இல்லை இது, வீணாக்கக் கூடாது என்பதற்காக வந்தது.

உங்களுக்கு இதனால் என்ன? நம் ஊர் அச்சகங்களில் அதிகம் புழங்கும் தாள் 23×36 அங்குலம். மி.மீ. கணக்கில் சுமார் 584×914. அதில் ஏ4 பக்கங்களை ஒரே திசையில் அடுக்கினால் ஆறுக்கு மேல் வராது; குறுக்கே இரண்டு ஏ4 உயரம் வைக்க 594 வேண்டும், இருப்பதோ 584. பத்து மி.மீ. குறைவதால் தாளில் முப்பது சதவீதம் போல வீணாகும். 25×36 தாள் என்றால் வெட்டுக்கு இடம் விட்டும் எட்டு வரும். ஆகவே இதழ் வேலையில் முதல் கணக்கு கணினியில் இல்லை. அச்சகத்துக்குப் போன் போட்டு 25×36 இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏ4-ஐக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. டெம்மி நூலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 18×23 தாளை மூன்று முறை மடித்தால் 5¾×9. ஓரம் வெட்டினால் 5½×8½, அதாவது ஏறக்குறைய 140×216 மி.மீ. ஒரு தாளுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 16 பக்கம், ஒரு பாரம். விகிதம் 1.54. இந்த எண்ணுக்குப் புராணப் பெருமை எதுவும் இல்லை. ஆனால் தமிழ் வாசகர் கைக்கு நன்றாகப் பழகிய வடிவம்.

இப்போது பொன் விகிதம். கணிதத்தில் 1.618 மிகப் பழையது, பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டிடமே இருக்கிறது. அதுதான் அழகின் பொது விதி என்ற பேச்சு அவ்வளவு பழையதில்லை. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1509இல் வெனிஸில் வெளியிட்ட நூலுக்குப் பெயரே தெய்வீக விகிதம். ஆனால் அதே நூலில் ரோமன் பெரிய எழுத்துகளைச் சதுரமும் வட்டமும் கொண்டு வரைந்து காட்டும்போது, தண்டின் தடிமனுக்கு உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு என்ற சாதாரணப் பின்னத்தையே எடுத்துக்கொண்டார். உடல், செடி, கட்டடம் என எல்லாவற்றையும் இந்த விகிதம் ஆள்கிறது என்று பரப்பியவர் அடால்ஃப் ட்சைசிங், அதுவும் 1854இல். ஜெர்மன் உளவியலாளர் ஃபெஹ்னர் பல செவ்வகங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று மக்களிடம் கேட்டு 1876இல் முடிவை வெளியிட்டார். பொன் செவ்வகத்துக்கு ஆதரவு அதிகம் இருந்தது உண்மை. பிற்பாடு அதே சோதனையைச் செய்தவர்களுக்கு ஒரே மாதிரி விடை கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

அழகியல் வாதம் எப்படியோ போகட்டும். புத்தகத்தில் அது நிற்காததற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வாசகர் புத்தகத்தை விரித்துத்தான் படிக்கிறார். 1:1.618 பக்கங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரிவது 1:1.236. பொன் செவ்வகம் அட்டையை மூடினால்தான் இருக்கும். இரண்டாவது, 216 மி.மீ. உயரத்துக்கு 5:8 என்றால் அகலம் 135. பொன் விகிதம் என்றால் 133.5. வித்தியாசம் ஒன்றரை மி.மீ. மடிப்பிலும் வெட்டிலும் ஒரு மி.மீ. அங்கே இங்கே போவது அச்சகத்தில் சகஜம். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் பார்த்துப் பக்கம் அமைப்பவர் கட்டிங் மெஷின் பக்கம் போகாதவராகத்தான் இருப்பார்.

அப்படியென்றால் விகிதமே வேண்டாமா? வேண்டும். கண் உணர்வது ஒரு குறிப்பிட்ட எண்ணை இல்லை, ஒரே வடிவம் திரும்ப வருவதை. பக்கம் ஒரு செவ்வகம், எழுத்துப் பகுதி அதற்குள் இன்னொரு செவ்வகம். இரண்டும் ஒரே விகிதத்தில் இருந்தால் பக்கம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும், ஏன் என்று வாசகருக்குச் சொல்லத் தெரியாது. இந்த யோசனை மார்ஜின் கணக்கில்தான் நன்றாக விளையும்.

ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளிலும் ஆரம்பகால அச்சு நூல்களிலும் உள்ள மார்ஜின்களை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்று பேர் அளந்து பார்த்தார்கள். 1946இல் வான் டெ கிராஃப், 1947இல் அர்ஜென்டினாவின் ரவுல் ரொசாரிவோ, 1953இல் யான் சிஹோல்ட். சிஹோல்ட் சுவாரசியமான ஆள். இளமையில் சமச்சீர் வடிவமைப்பையே தூக்கி எறியச் சொன்னவர். நாஜிகள் வந்ததும் 1933இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார். பின்னால் பழைய சமச்சீருக்கே திரும்பி, 1947 முதல் 1949 வரை லண்டனில் பெங்குயின் நூல்களை ஒழுங்குபடுத்தினார். மூவரும் கண்ட முறை ஒன்றையே சுற்றி வருகிறது. பக்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் தலா ஒன்பதாகப் பிரியுங்கள். உள் ஓரத்துக்கு ஒன்று, வெளி ஓரத்துக்கு இரண்டு. மேலே ஒன்று, கீழே இரண்டு. மீதி ஆறுக்கு ஆறு எழுத்துப் பகுதி. பக்கம் எந்த வடிவத்தில் இருந்தாலும் எழுத்துப் பகுதி அதே வடிவத்தில் வரும். பக்கம் 2:3 என்றால் கூடுதலாக ஒன்று கிடைக்கும்: உள், மேல், வெளி, கீழ் ஓரங்கள் 2:3:4:6 ஆகின்றன, எழுத்துப் பகுதியின் உயரம் பக்கத்தின் அகலத்துக்குச் சமமாகிறது. விரித்த புத்தகத்தில் இரண்டு உள் ஓரங்களும் சேர்ந்து ஒரு வெளி ஓரத்துக்குச் சமம். அந்தக் காலத்தவர் விரித்த இரண்டு பக்கங்களையும் ஒன்றாகத்தான் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதில் உள்ள சங்கடம் காசு. ஒன்பதில் ஆறுக்கு ஆறு என்றால் பக்கத்தின் பரப்பில் 44 சதவீதம்தான் எழுத்து. 200 பக்க நூல் 300 பக்கம் ஆகும். எந்தப் பதிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இங்கேதான் விகிதத்தைப் புரிந்துகொண்டவருக்கும் மனப்பாடம் செய்தவருக்கும் வித்தியாசம் தெரியும். ஒன்பது புனிதமான எண் இல்லை. பன்னிரண்டாகப் பிரியுங்கள்: எழுத்துக்கு ஒன்பதுக்கு ஒன்பது போய் 56 சதவீதம் கிடைக்கும். பதினைந்தாகப் பிரித்தால் 64. வடிவ ஒற்றுமை அப்படியே இருக்கும், ஓரம் மட்டும் சுருங்கும்.

டெம்மிக்குப் பன்னிரண்டைப் போட்டுப் பார்ப்போம். உள் ஓரம் 11.7, மேல் 18, வெளி 23.3, கீழ் 36 மி.மீ.; எழுத்துப் பகுதி 105×162. அழகாக இருக்கிறது, ஆனால் அச்சடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பழைய முறை, தைத்துக் கட்டி மேசையில் மல்லாந்து விரியும் புத்தகத்துக்கானது. நம்முடைய பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பசை போட்ட முதுகு உள் ஓரத்தில் ஐந்தாறு மி.மீ. விழுங்கிவிடும். வரியின் கடைசி எழுத்தைப் படிக்க வாசகர் புத்தகத்தைப் பிளக்க வேண்டும். எனவே உள் ஓரம் 17, வெளி ஓரம் 21 என்று வைத்து எழுத்து அகலத்தை 102 ஆக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் உள் ஓரம் அப்போது பதினொன்று சொச்சம் வரும், பழைய கணக்குக்கு ஏறக்குறையப் பொருந்தும். நானூறு பக்கத்துக்கு மேல் போனால் உள் ஓரத்தில் இன்னும் இரண்டு மி.மீ. சேர்க்கலாம்.

உயரத்துக்கு வருவோம். இங்கே மில்லிமீட்டரைக் கீழே வைத்துவிட்டு வரியை அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் அரை வரி என்று ஒன்று கிடையாது. தமிழில் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிட அதிகம் வேண்டும். கீ, மீ போன்றவற்றின் சுழி மேலே ஏறும். கூ, ழு, ஞூ கீழே இறங்கும். மேல் வரியின் கூவும் கீழ் வரியின் கீயும் ஒன்றுக்கு நேர் ஒன்று வந்தால் மோதிக்கொள்ளும். பாயின்ட் என்பது எழுத்தை அளக்கும் அலகு, சுமார் 0.35 மி.மீ.; லீடிங் என்பது ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு உள்ள தூரம். ஆங்கிலத்தில் 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் லீடிங் தாராளம். தமிழில் அது பல எழுத்துருக்களில் நெருக்கடி. எழுத்து அளவைப் போல 1.4 முதல் 1.5 மடங்கு வரை என் வழக்கம். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும், 11 பாயின்ட் என்று போட்டும் ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் வரும். ஒரு பக்கம் அடித்து, காகிதத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். திரையை நம்பாதீர்கள்.

நூலுக்கு 11 பாயின்ட் எழுத்து, 16 பாயின்ட் லீடிங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரி 5.64 மி.மீ. 162 மி.மீ.க்குள் 28 வரியும் கொஞ்சமும் வரும். 28 வைப்பதா 29 வைப்பதா? 29 வையுங்கள். காரணத்தை அடுத்து சொல்கிறேன். உயரம் 163.7 மி.மீ. ஆகும், மேலே 18, கீழே 34. விளையாட்டாக 163.7-ஐ 102-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.6. பைண்டிங் பசையையும் வரி இடைவெளியையும் கணக்குப் போட்ட இடத்தில் பொன் விகிதம் கிட்டத்தட்ட வந்து நிற்கிறது. ஏதாவது ஒரு பழைய புத்தகத்தை அளந்துவிட்டு அதில் பொன் விகிதம் ஒளிந்திருக்கிறது என்று யாராவது எழுதினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 29-க்கும் தலைப்பில் சொன்ன 60-க்கும் வருகிறேன். 1962இல் கார்ல் கெர்ஸ்ட்னர் என்ற சுவிஸ் வடிவமைப்பாளர் காப்பிட்டால் என்ற ஜெர்மன் பொருளாதார இதழுக்கு ஒரு கிரிட் அமைத்தார். அதைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும், கோடுக்கு மேல் கோடு. அதன் அடிப்படை 58 அலகு. பத்திகளுக்கு, அதாவது பக்கத்தில் அருகருகே ஓடும் காலம்களுக்கு, இடையே 2 அலகு இடைவெளி. ஏன் 58, ஏன் 60 இல்லை? கணக்கைப் போட்டால் தெரியும். இரண்டு பத்தி என்றால் ஒவ்வொன்றும் 28. மூன்று என்றால் 18. நான்கு என்றால் 13. ஐந்து என்றால் 10. ஆறு என்றால் 8. எல்லாமே முழு எண், எங்கேயும் மிச்சம் இல்லை. ஒரே பக்கத்தில் மூன்று பத்திக் கட்டுரையும் நான்கு பத்திப் பெட்டிச் செய்தியும் வந்தாலும் இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்கும்.

ரகசியம் எளிது. பத்திகள் மூன்று என்றால் இடைவெளிகள் இரண்டுதான். கடைசிப் பத்திக்கு வலப்பக்கம் இல்லாத ஓர் இடைவெளியை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு பத்திக்கும் துணையாக ஓர் இடைவெளி இருக்கும், வகுத்தல் சுத்தமாகிவிடும். 58-உடன் 2 கூட்டினால் 60. 60 என்பது 1, 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண். வகுத்த விடையில் 2 கழித்தால் பத்தியின் அகலம். இவ்வளவுதான். நிலையானவை எவ்வளவு அதிகமோ அவ்வளவு, மாறக்கூடியவையும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு என்பது கெர்ஸ்ட்னருடைய இலக்கு. அந்த இலக்குக்கு இந்த எண்ணைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம்.

இதை அப்படியே உங்கள் ஏ4 இதழுக்குக் கொண்டுவரலாம். ஓர் அலகு 3 மி.மீ. என்றால் 58 அலகு 174 மி.மீ. ஏ4 அகலம் 210. மீதி 36-ஐ உள்ளே 16, வெளியே 20 என்று பிரியுங்கள். நடுவில் பின் அடிக்கும் இதழுக்கு உள் ஓரம் இவ்வளவு போதும். இடைவெளி 6 மி.மீ. பத்திகள்: இரண்டு என்றால் 84, மூன்று என்றால் 54, நான்கு 39, ஐந்து 30, ஆறு 24 மி.மீ. கால்குலேட்டர்கூடத் தேவையில்லை.

உயரத்துக்கும் இதே தந்திரம்தான், அங்கே இடைவெளி ஒரு வெற்று வரி. ஆகவே வரிகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் நன்றாக வகுபட வேண்டும். 29 வரிக்கு 30: இரண்டு கட்டம் என்றால் 14 வரி, மூன்று என்றால் 9, ஐந்து என்றால் 5, ஆறு என்றால் 4. 28 வைத்திருந்தால் 29 வரும், எதனாலும் வகுபடாது. ஒரு வரி வித்தியாசத்தில் பக்கம் கட்டங்களுக்கு ஒத்துழைக்கும் அல்லது முரண்டு பிடிக்கும். இதழுக்கு 10 பாயின்ட் எழுத்து, 14 பாயின்ட் லீடிங், 47 வரி என்று வையுங்கள். உயரம் 232 மி.மீ.; மேலே 25, கீழே 40, பக்க எண் அங்கே போகும். 47-உடன் ஒன்று கூட்டினால் 48: இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என எல்லாமாகவும் பிரியும். ஆறு கட்டம் வைத்தால் ஒவ்வொன்றும் ஏழு வரி உயரம். குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு, மொத்தம் 36 கட்டங்கள். யோசெஃப் முல்லர்-புரோக்மன் போன்ற ஜூரிக் ஆட்கள் பிரபலமாக்கிய கிரிட் இந்த வகைதான்.

கட்டம் போட்டாயிற்று, படத்தை அதில் வைக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஏழு வரி உயரக் கட்டத்தில் படத்தை ஏழு வரி லீடிங் உயரத்துக்கு அப்படியே நீட்டினால் பக்கத்திலுள்ள எழுத்தோடு ஒட்டாது. படத்தின் அடி, ஏழாவது வரியின் அடிக்கோட்டில் (எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் கற்பனைக் கோட்டில்) உட்கார வேண்டும். அதன் தலை, முதல் வரி எழுத்தின் உச்சிக்கு நேராக வரவேண்டும். ஆங்கிலத்தில் உச்சி எது என்பதில் குழப்பம் இல்லை. தமிழில் ப, ம, ய போன்ற எழுத்துகளின் உடல் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கீயின் சுழியை இல்லை. அதை எடுத்தால் பெரும்பாலான வரிகளுக்குப் படம் சற்று மேலே தூக்கி நிற்பது போலத் தெரியும்.

எல்லா வரிகளும் ஒரே அடிக்கோட்டுக் கிரிட்டில் நிற்பதற்கு இன்னொரு சாதாரணப் பயனும் உண்டு. மெல்லிய தாளில் பின்பக்க அச்சு லேசாகத் தெரியும். இரண்டு பக்க வரிகளும் நேருக்கு நேர் இருந்தால் அந்த நிழல் எழுத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், வரிகளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். 60 ஜிஎஸ்எம் தாளில் அச்சிடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. தலைப்புகளையும் இதே கணக்கில் வையுங்கள்: 22 பாயின்ட் தலைப்புக்கு 28 லீடிங், அதாவது இரண்டு வரி. படக்குறிப்புக்கு 8 பாயின்டில் 10.5 லீடிங் வைத்தால் நான்கு குறிப்பு வரிகள் மூன்று உடல் வரிகளுக்குச் சமம், நான்காவது உடல் வரியில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். எழுத்து அளவுகளை இசை விகிதத்திலும் ஃபிபோனாச்சி வரிசையிலும் ஏற்றிப் போகச் சொல்வார்கள். இதழுக்கு மூன்று அளவு போதும், நான்காவது தேவைப்பட்டால் முதலில் தடிமனை மாற்றிப் பாருங்கள்.

தமிழில் அதிகம் படுத்தும் ஒரு சிக்கலைச் சொல்லியே ஆகவேண்டும். நம் சொற்கள் நீளம். 54 மி.மீ. பத்தியில் 10 பாயின்டில் மூன்று நான்கு சொற்கள்தான் வரும். இரண்டு ஓரமும் நேராக வரும்படி அமைத்தால், மூன்று சொல் உள்ள வரியில் இடைவெளிகள் இரண்டே இரண்டு. அடுத்து ‘ஒருங்கிணைக்கப்பட்டவர்களுக்கும்’ மாதிரி ஒரு சொல் வந்து இடமில்லாமல் கீழே போய்விட்டால், மிச்சமான பத்து மி.மீ. அந்த இரண்டு இடைவெளிகளிலும் விழும். பல் விழுந்த வாய் மாதிரி வரிகள். ஆங்கிலத்துக்குச் சொல்லும் ‘ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து’ என்ற விதியும் இங்கே அப்படியே பொருந்தாது. நான் சொல்லை எண்ணுவேன்: நேர் ஓரம் வேண்டுமென்றால் வரிக்குக் குறைந்தது ஐந்தாறு சொல் வரவேண்டும். உங்கள் 84 மி.மீ. பத்தி அதற்குச் சரியாக இருக்கும், நூலின் 102 மி.மீ. தாராளமாக இருக்கும். மூன்று பத்திதான் வேண்டும் என்றால் வலது ஓரத்தை ஒழுங்கில்லாமல் விட்டுவிடுங்கள், அல்லது சொல்லை உடைக்க அனுமதியுங்கள். உடைப்பதில் தமிழுக்குச் சங்கடம் குறைவு. செய்தித்தாள்கள் காலம் காலமாகச் செய்கின்றன. ஒரே நிபந்தனை, அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது.

இதனால் ஆறு பத்திக் கிரிட்டை ஆறு பத்தியாக யாரும் பயன்படுத்தப் போவதில்லை. கட்டுரை இரண்டிரண்டு கட்டமாக அல்லது மும்மூன்று கட்டமாக ஓடும், 24 மி.மீ. ஒற்றைக் கட்டத்தில் படக்குறிப்போ ஆசிரியர் குறிப்போ நிற்கும்; படம் நான்கு கட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் 12 பத்திக் கிரிட் பிரபலமானதும் இதே காரணத்தால்தான், 12 என்பது 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் வகுபடும். திரையின் அகலம் மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே உயரக் கணக்கு இவ்வளவு கறாராக நிற்காது. அது தனிக் கேள்வி.

காலியான கட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதிதாகக் கிரிட் போடுபவர்கள் 36 கட்டத்தையும் நிரப்பப் பார்ப்பார்கள். கட்டுரையை மேலிருந்து ஒரு கட்டம் விட்டு, எட்டு வரி கீழே இறக்கி ஆரம்பித்துப் பாருங்கள்; இதழ் முழுக்க எல்லாக் கட்டுரையும் அதே உயரத்தில் தொடங்கினால் அது ஒன்றே இதழுக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிடும்.

கவிதைப் பக்கங்களுக்கு மட்டும் அகலக் கணக்கை விட்டுவிடுங்கள். அங்கே வரியின் நீளத்தைக் கவிஞர் முடிவு செய்துவிட்டார், நாம் உடைக்கக் கூடாது. அந்தக் கவிதையின் மிக நீளமான வரியை அளந்து, அது பக்கத்தின் நடுவில் வரும்படி இடது ஓரத்தை நகர்த்துங்கள். ஒரே ஒரு வரி மட்டும் அசாதாரண நீளம் என்றால் அதை விட்டு அடுத்த நீளமான வரியை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கோட்டுக் கிரிட் மட்டும் மாறக் கூடாது.

மென்பொருளில் போடும்போது வரிசை முக்கியம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் முதலில் அடிக்கோட்டுக் கிரிட்டை 14 பாயின்டுக்கு அமைத்துவிட்டு, பிறகு மார்ஜின், பிறகு பத்தியும் இடைவெளியும், கடைசியாகப் பாரா ஸ்டைலில் எழுத்து அந்தக் கிரிட்டில் ஒட்டும்படி வையுங்கள். தமிழுக்கு உலக மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளை வரியாகக் கோக்கும் கருவியை) தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இலவச மென்பொருள் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6 போதும், அடிக்கோட்டுக் கிரிட் அதிலும் உண்டு, தமிழும் ஒழுங்காக வருகிறது. நான்கு பக்கம் அமைத்ததும் நிறுத்தி, அசல் அளவில் இரண்டு பக்கமும் அச்சடித்து, மடித்து, பின் அடித்து, இதழைப் படிக்கப்போகும் வயதில் உள்ள ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எழுத்து சிறிது என்று அவர் சொன்னால் 11-க்கு 15.5 போட்டு வரியை 41 ஆக்குங்கள். 42-ஐ 2, 3, 6, 7-ஆல் வகுக்கலாம், உயரம் 224 மி.மீ. வரும். அடிக்கோட்டுக் கிரிட்டையும் தலைப்பு, படக்குறிப்பு லீடிங்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள், பத்திகளின் அகலத்தைத் தொட வேண்டியதில்லை.